அலி, அரவாணி, திருநங்கை: பெயர்கள் கைமாறிய கதை

2008ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் தேதி தமிழக அரசு ஒரு நல வாரியத்தை அமைத்தது. பிறப்பில் ஆண் என்று எழுதப்பட்டு, பெண்ணாக வாழ்கிறவர்களுக்கான வாரியம். இந்தியாவில் அதற்கு முன் வேறெந்த மாநிலமும் அப்படியொன்றை அமைத்ததில்லை. அடையாள அட்டை, ரேஷன் அட்டை, சுயதொழிலுக்கு உதவி என்று அதுவரை அடைத்துக் கிடந்த பல கதவுகள் அதன் வழியாகத் திறந்தன. வாரியத்துக்கு வைத்த பெயர் ‘தமிழ்நாடு அரவாணிகள் நல வாரியம்’.

அன்றைக்கு அதுதான் மரியாதையான சொல். பத்திரிகைகள் அப்படித்தான் எழுதின, மேடைகளில் அப்படித்தான் பேசினார்கள். ஆனால் வெகு சீக்கிரமே மக்கள் பேச்சில் அது ‘திருநங்கையர் வாரியம்’ ஆகிவிட்டது. ஏப்ரல் 15 இன்று திருநங்கையர் நாள் என்றே கொண்டாடப்படுகிறது. பிறகு அரசுக் காகிதங்களில் ‘மூன்றாம் பாலினர்’ வந்து சேர்ந்தது. இளையவர்கள் ‘திருநர்’ என்கிறார்கள். அறுபது வயதுத் திருநங்கை ஒருவர் தன் ஆயுளுக்குள் நான்கைந்து பெயர்களால் அழைக்கப்பட்டிருப்பார். அவற்றில் சில அவர் வாயால் சொன்னவை. பல அவர்மீது எறியப்பட்டவை.

இந்தப் பெயர்கள் எதுவும் வெற்றிடத்தில் பிறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பழைய பொருள் இருந்தது. கோயிலில் இருந்த சொல் தெருவுக்கு வந்தது, தெருவில் இருந்தது திட்ட அறிக்கைக்குப் போனது, திருவிழாவில் பிறந்தது நாடாளுமன்றச் சட்டத்தில் ஏறியது. கை மாறிய ஒவ்வொரு முறையும் பொருளும் மாறியது. யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று பார்த்தால்தான் ஏன் மாறியது என்பதும் விளங்கும்.

தெய்வத்தோடு ஒரே வரிசையில்

தமிழில் இவர்களைக் குறிக்கும் பழைய சொல் பேடி. தொல்காப்பியச் சொல்லதிகாரம் தொடங்கிய சில நூற்பாக்களுக்குள்ளேயே இவர்களைப் பற்றிய விதி வந்துவிடுகிறது. தமிழில் ஆணுக்கு ஓர் ஈறு, பெண்ணுக்கு ஓர் ஈறு, பலருக்கு ஓர் ஈறு உண்டு. ஆண்மை திரிந்து பெண்மை நோக்கியவரைக் குறிக்கும் சொல்லுக்குத் தனி ஈறு கிடையாது. உயர்திணைக்குரிய ஈறுகளையே அது பெறும் என்கிறார் தொல்காப்பியர். தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்கும் தனி ஈறு இல்லை என்பதால், இரண்டையும் ஒரே நூற்பாவில் சேர்த்துச் சொல்கிறார். இன்னும் சில நூற்பாக்கள் தள்ளி ஒரு கண்டிப்பும் வருகிறது: ஆண்பாலைக் காட்டும் ஈறு இந்தப் பெயருக்கு ஒட்டாது. உரையாசிரியர்கள் இதற்குக் காட்டும் வினைமுற்று ‘வந்தாள்’. ‘வந்தான்’ என்பது பிழை.

இலக்கணக்காரர் கண்ணில் இது ஒரு சொல்லின் முடிவு பற்றிய சிக்கல், அவ்வளவுதான். ஆனால் தன்னை ‘அவன்’ என்று அழைக்காதீர்கள் என்று வீட்டில் கெஞ்சி அடிவாங்கிய எத்தனையோ பிள்ளைகளுக்கு, பழைய இலக்கணம் அவர்கள் பக்கம் நின்றிருக்கிறது என்பது சின்ன விஷயம் அல்ல.

காப்பியங்களிலும் பேடி வருகிறாள். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினோரு ஆடல்களில் ஒன்று பேடு. தன் மகன் அநிருத்தனைச் சிறைமீட்க வாணாசுரனுடைய சோ நகரத்தில் காமன் பேடி வடிவெடுத்து ஆடிய கூத்து அது. மணிமேகலையில் புகார் நகரத்து வீதியில் பேடிக் கோலத்தில் ஒருவர் ஆட, ஊர் கூடி நின்று பார்க்கிறது.

ஆனால் அதே பழைய காலத்திலேயே இன்னொரு பொருளும் இந்தச் சொல்லின் கூடவே வளர்ந்தது. திருக்குறளில் பேடி வருமிடத்தில் கையில் வாள் இருக்கிறது, அந்த வாளுக்குப் பயன் இல்லை. முயற்சி இல்லாதவனுடைய கொடைக் குணத்துக்கும், அவைக்கு அஞ்சுகிறவனுடைய கல்விக்கும் அந்த வாள் உவமை. ஒரு மனிதரின் பால்நிலையைச் சொன்ன பெயர் அங்கே வீரமின்மையின் அடையாளமாகிவிட்டது. அதற்குப் பிறகு வென்றது இந்த இரண்டாவது பொருள்தான். இன்றைய பேச்சில் பேடி என்றால் கோழை. மேடையில் எதிராளியைப் ‘பேடி’ என்று ஏசுகிற அரசியல்வாதிக்கு, அந்தச் சொல்லுக்குள் ஒரு சமூகமே குடியிருந்தது என்பது நினைவுக்கு வருவதில்லை.

13ஆம் நூற்றாண்டு நன்னூலுக்கு வரும்போது இலக்கணமும் ஓர் அடி நகர்ந்திருக்கிறது. பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பும் பேடு ஆண்பால், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பும் பேடு பெண்பால் என்று அதன் ஆசிரியர் பவணந்தி தெளிவாகப் பிரிக்கிறார். பிறந்த உடலை வைத்துப் பிரிக்காமல் விரும்பிய பாலை வைத்துப் பிரிக்கும் இந்த விதி இன்று படித்தாலும் வியப்பளிக்கும். கூடவே இந்தப் பெயர்கள் அஃறிணையைப் போலவும் வரலாம் என்று ஒரு வாசலையும் திறந்து வைக்கிறார். திருநங்கையரைப் பார்த்து ‘அது வருது பார்’ என்று சொல்கிறவர்கள் நன்னூல் படித்தவர்கள் அல்லர். ஆனாலும் ‘அது’ என்ற அந்த ஒற்றைச் சொல் பட்ட இடம் ஆறுவதில்லை என்று திருநங்கையர் எழுதிய தன்வரலாறுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

பாசுரத்திலிருந்து பள்ளிக்கூடத்து வாசலுக்கு

அலி என்ற சொல்லின் வீழ்ச்சி இதைவிடப் பெரியது. நம்மாழ்வார் திருவாய்மொழியில் திருமாலை ஆணும் அல்லன், பெண்ணும் அல்லன், அலியும் அல்லன் என்கிறார். மூன்று வகைக்குள்ளும் அடங்காதவன் இறைவன் என்பது கருத்து. மாணிக்கவாசகர் திருவெம்பாவையில் மறுபக்கத்திலிருந்து வருகிறார்: பெண்ணும் அவனே, ஆணும் அவனே, அலியும் அவனே. ஒருவர் மூன்றையும் விலக்குகிறார், மற்றவர் மூன்றையும் அணைக்கிறார். இரண்டிலும் அலி என்பது உலகத்தில் உள்ள மூன்று நிலைகளில் ஒன்று. அதற்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. மார்கழி விடியலில் சிவன் கோயில்தோறும் இன்றும் அந்தப் பாட்டு ஒலிக்கிறது.

அதே சொல் 20ஆம் நூற்றாண்டில் பள்ளிக்கூட வாசலில் கல்லெறியப் பயன்பட்டது. நடையில் நளினம் இருந்த பையனை அப்படித்தான் கூப்பிட்டார்கள். கூடவே ‘ஒம்போது’ என்ற எண்ணும் வசையாயிற்று. வகுப்பில் வருகைப் பதிவேட்டில் ஒன்பதாம் எண் விழுந்தாலே பையன்கள் சிரிக்கிற அளவுக்கு அந்த எண் கெட்டுப்போனது.

ஆங்கிலேய ஆட்சியும் தன் பங்குக்கு ஒரு பெயரைக் கொண்டுவந்தது. 1871ஆம் ஆண்டின் குற்றப் பழங்குடிகள் சட்டம் வட இந்தியாவில் ஹிஜ்ராக்களை ‘யூனக்’ என்ற தலைப்பில் கொண்டுவந்து, அவர்களைப் பதிவேட்டில் ஏற்றிக் கண்காணிக்க வழி செய்தது. யூனக் என்ற கிரேக்க மூலச் சொல்லுக்குப் படுக்கையறைக் காவலர் என்று பொருள். அரண்மனை உத்தியோகம் ஒன்றின் பெயர் இந்திய மண்ணில் குற்றப் பதிவேட்டின் தலைப்பாக மாறியது. தொழிலின் பெயர் உடற்குறையின் பெயராகி, அது குற்றத்தின் பெயராக முடிந்தது.

சு. சமுத்திரத்தின் ‘வாடாமல்லி’ நாவல் 1990களில் வந்தபோது தமிழ் வாசகர்களில் பலருக்கு முதல்முறையாக இந்த வாழ்க்கை உள்ளிருந்து தெரிந்தது. இரக்கம் பிறந்தது. ஆனால் இரங்கியவர்கள் அழைக்க, வசை ஒட்டாத ஒரு சொல் வேண்டியிருந்தது. அதற்கு விடை கூவாகத்திலிருந்து வந்தது.

ஓர் இரவு மணப்பெண்

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்ப்பேட்டை பக்கத்தில் கூவாகம் ஒரு சின்ன ஊர். அங்குள்ள கூத்தாண்டவர் கோயிலில் சித்திரை மாதம் பதினெட்டு நாள் திருவிழா. கூழ் ஊற்றும் சாகை வார்த்தலோடு தொடங்கி, பௌர்ணமியை ஒட்டி உச்சத்துக்கு வரும். நாடெங்குமிருந்து திருநங்கையர் பட்டுப் புடவையும் தலை நிறையப் பூவுமாக வந்து இறங்குவார்கள். பூசாரி அவர்கள் கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கட்டுவார். அன்றிரவு அவர்கள் அரவானுடைய மனைவியர். கும்மியும் பாட்டுமாக இரவு கழியும்.

விடிந்ததும் தேர். பெரிய மீசையோடு அரவான் தலை ஊரைச் சுற்றிவந்து, பலிகொடுக்கப்படும் அழிகளத்தை அடைகிறது. அங்கே தாலிக்கயிறு அறுக்கப்படும். வளையல் உடையும் சத்தம் ஒருபக்கம், ஒப்பாரி மறுபக்கம். பூவைப் பிய்த்தெறிந்து, குங்குமத்தை அழித்து, குளித்துவிட்டு வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஊர் திரும்புவார்கள். அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த ஒப்பாரி எல்லாமே அரவானுக்காக அல்ல. அந்த வருடத்தில் செத்துப்போன தோழிக்கும், துரத்திவிட்ட குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் அந்த அழுகை.

அரவான் கதையே ஊர் மாறி உருமாறியது. வடமொழிப் பாரதத்தில் அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்த இராவான் போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழில் 9ஆம் நூற்றாண்டுப் பெருந்தேவனாரின் பாரத வெண்பாவில் அவன் போருக்கு முன்பே தன்னைக் காளிக்குக் களப்பலியாகக் கொடுக்கிறான். சாகுமுன் கல்யாணம் வேண்டும் என்று அவன் கேட்டதும், விடிந்தால் விதவை என்று தெரிந்து எந்தப் பெண்ணும் முன்வராதபோது கண்ணனே மோகினியாகி அவனை மணந்ததும் கூத்து மேடையிலும் கோயில் மரபிலும் வாழ்கிற கதை. திருநங்கையர் தங்கள் இடத்தைக் கண்டெடுத்தது அந்தக் கடைசி அத்தியாயத்தில்தான்.

அங்கே கிடைத்த பெயர் அரவாணி. அலி என்ற சொல் கிழித்த இடத்தில் இது களிம்பாக இருந்தது. வசையாக அல்லாமல், ஒரு தெய்வத்தோடு உறவு சொல்லி அழைத்தது. 1990களில் பரவி, அடுத்த பத்தாண்டில் செய்தித்தாள், தொண்டு நிறுவனம், அரசாணை என்று எல்லா இடத்திலும் ஏறியது. பிரியா பாபு 2007இல் தன் சமூகத்தைப் பற்றி எழுதிய நூலுக்கே ‘அரவாணிகள் சமூக வரைவியல்’ என்று பெயர்.

ஆனால் பெயர் பரவப் பரவ அது இறுக்கிய இடங்களும் தெரிய ஆரம்பித்தன. கூவாகத்தில் தாலி கட்டிக்கொள்கிறவர்கள் திருநங்கையர் மட்டும் அல்லர். சுற்று வட்டாரத்து ஆண்களும் வேண்டுதலுக்காகக் கட்டிக்கொள்வதுண்டு. திருநங்கையரில் முஸ்லிம்கள் உண்டு, கிறித்தவர்கள் உண்டு, கூவாகத்தை எட்டியே பார்க்காதவர்களும் உண்டு. அவர்களை எல்லாம் அரவான் மனைவி என்று எப்படி அழைப்பது? அதைவிட ஆழமாக ஒரு கேள்வி வந்தது. வருடத்துக்கு ஓர் இரவு மனைவி, மறுநாள் விதவை என்கிற பெயரை, படித்து வேலைக்குப் போய்க் குடும்பம் நடத்த விரும்புகிற பெண் ஏன் சுமக்க வேண்டும்?

வேடிக்கை பார்க்க ஆயிரம் பேர் கேமராவோடு வந்துவிட்ட பிறகு, அரவாணி என்றதும் ஊராருக்குக் கூவாகம் மட்டுமே நினைவுக்கு வந்தது. ஒரு சடங்கில் பிறந்த பெயர் ஒரு வாழ்க்கை முழுவதற்கும் போதவில்லை. இருந்தாலும் அந்தச் சொல் மறைந்துவிடவில்லை. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், யாரெல்லாம் இதற்குள் அடங்குவர் என்று சொல்லும் விளக்கத்தில் கின்னர், ஹிஜ்ரா, ஜோக்தா ஆகியவற்றோடு அரவாணியையும் சேர்த்திருக்கிறது. தமிழ்நாட்டில் மேடையில் சொல்லத் தயங்குகிற பெயர் இந்தியச் சட்டத்தில் உட்கார்ந்திருக்கிறது.

ஜமாத்துக்குள் ஒரு மொழி

வெளியார் வைத்த பெயர்கள் இப்படி மாறிக்கொண்டிருந்தபோது, உள்ளே இவர்களுக்கென்று தனி மொழி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. மும்பையிலும் டெல்லியிலும் ஹிஜ்ரா குடும்பங்களில் வாழ்ந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த உருது, இந்திச் சொற்கள் தமிழ் நாக்கில் உருண்டு வேறு வடிவம் எடுத்தன. மூத்தவரைக் கண்டால் ‘பாம்படுத்தி’ என்பார்கள். பாதம் பணிகிறேன் என்று பொருள்படும் இந்தித் தொடர் தமிழில் அப்படி ஆகிவிட்டது. தமிழ் முஸ்லிம்களுக்கு ஜமாத் என்றால் பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்க்கூட்டம். திருநங்கையருக்கு அதுவே வீடு, பஞ்சாயத்து, தாய்வழி எல்லாம். அங்கே குருவும் உண்டு, சீடரான சேலாவும் உண்டு. தமிழ்நாட்டில் அதற்கு மேல் அம்மா, மகள் என்ற உறவும் உண்டு.

இந்தச் சொற்களில் மிகத் தொலைவு நடந்து வந்தது ‘நிர்வாணம்’. பௌத்தர்களுக்கு அது விளக்கு அணைவதைப் போல ஆசைகள் அணைந்த விடுதலை. பொதுத் தமிழில் அம்மணம். ஜமாத்தில் நிர்வாணம் என்றால் ஆணுறுப்பை நீக்கிக்கொள்வது. மருத்துவமனை எட்டாத காலத்தில் அதைச் செய்தவர் தாயம்மா என்று அழைக்கப்பட்ட மூத்த திருநங்கை. மயக்க மருந்து கிடையாது. பிழைத்தால் தாய்த் தெய்வத்தின் அருள், இல்லாவிட்டால் அவள் விருப்பம்.

அதன்பின் நாற்பது நாள் ஓர் அறையில் கழியும். பிரசவித்தவளைப் பார்த்துக்கொள்வதுபோல் பார்த்துக்கொள்வார்கள். கண்ணாடி பார்க்கக் கூடாது. கடைசி நாளில் மஞ்சள் பூசி, மருதாணி வைத்து, புதுப் புடவை கட்டி, விடியுமுன் பால்குடத்தைத் தலையில் ஏற்றி நீர்நிலைக்கு அழைத்துப்போய்ப் பாலை ஊற்றச் செய்வார்கள். அதற்குப் பிறகுதான் கண்ணாடி. அந்த முகத்தைப் பார்க்கிற நொடிக்கு அவர்கள் வைத்த பெயர் நிர்வாணம் என்றால், புத்தர் சொன்ன பொருளிலிருந்து அது அவ்வளவு விலகிப் போய்விடவில்லை. இன்று தமிழக அரசு மருத்துவமனைகளில் அந்தச் சிகிச்சை இலவசம். விண்ணப்பத்தில் அறுவைச் சிகிச்சை என்று எழுதினாலும், வீட்டில் மூத்தவர்கள் நிர்வாணம் என்றே சொல்கிறார்கள்.

தொழிலைச் சொல்லும் சொற்கள் வலியை மறைக்கப் பிறந்தவை. கடைவீதியில் கைதட்டிக் காசு கேட்பது ‘கடை கேட்டல்’. பிச்சை என்ற சொல்லை அவர்கள் அண்டவிடுவதில்லை. இந்தியில் எந்த வியாபாரத்தையும் குறிக்கும் ‘தந்தா’ இங்கே பாலியல் தொழிலை மட்டும் குறிக்கும். வெளியே ஏச்சாகச் சொல்லப்படும் ‘பொட்டை’ உள்ளே தோழிகள் ஒருவரை ஒருவர் செல்லமாக அழைக்கும் பெயர். அதே சொல்லை வெளியார் சொன்னால் சண்டை வரும், ஒரு மகள் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பு வரும்.

‘கோத்தி’யின் கதை வேறு. பெண்மை ததும்பும் ஆணைக் குறிக்கும் உள்வட்டச் சொல் அது. அவர் விரும்பும் ஆண் ‘பந்தி’. போலீஸ் பக்கத்தில் நின்றாலும் புரியாமல் பேசிக்கொள்ளத்தான் இந்த மொழியே இருந்தது. 1986இல் சென்னையில் இந்தியாவின் முதல் எச்ஐவி தொற்று கண்டறியப்பட்டது. அடுத்த பத்தாண்டுகளில் ஆண்களிடையே விழிப்புணர்வு வேலை தொடங்கியபோது களப்பணியாளர்கள் இந்தச் சொல்லைக் கேட்டுப் பிடித்துக்கொண்டார்கள். கணக்கெடுப்புப் படிவத்தில் கோத்தி ஒரு கட்டமாயிற்று. எத்தனை கோத்திகளைச் சந்தித்தீர்கள், எத்தனை ஆணுறை கொடுத்தீர்கள் என்று மாதாந்திர அறிக்கை போனது. அந்த வேலை உயிர்களைக் காத்தது, அதில் ஐயமில்லை. அதே சமயம், இடத்துக்கும் ஆளுக்கும் தகுந்தபடி நெகிழ்ந்துகொண்டிருந்த சொல் அந்தப் படிவத்தில் இறுகிப்போனது. திட்டத்தில் சேர வேண்டுமானால் கோத்தி என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதுவரை அந்தப் பெயரால் தன்னை நினைத்தே பார்க்காத ஒருவர்கூடப் படிவத்துக்காக அதற்குள் நுழைய வேண்டியிருந்தது.

திருவும் நங்கையும்

அரவாணிக்கு மாற்றாக வந்த ‘திருநங்கை’யை முன்மொழிந்தவர் பரதநாட்டியக் கலைஞர் நர்த்தகி நடராஜ் என்றும், முதல்வராக இருந்த மு. கருணாநிதி அதை ஏற்று அரசு வழக்காக்கினார் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. மதுரையில் பிறந்து, தஞ்சாவூர் கிட்டப்பா பிள்ளையிடம் பயின்ற நர்த்தகி 2019இல் பத்மஸ்ரீ பெற்றார். தமிழ் இலக்கியத்தில் ஊறியவருடைய தேர்வு என்பது அந்தச் சொல்லைப் பார்த்தாலே தெரியும். நங்கை என்றால் குணம் நிறைந்த பெண். திருப்பாவையில் ஆண்டாள் தூங்கும் தோழியை எழுப்பும்போது விளிக்கும் சொல் அது. அதோடு திருவும் சேர்ந்தது. அரவாணியில் ஒரு கணவன் இருந்தான், அவனை வைத்துத்தான் இவள் யார் என்று தெரிந்தது. திருநங்கையில் இவள் மட்டும் நிற்கிறாள்.

ஆனால் நல்ல சொல்லும் புழக்கத்தில் தேய்கிறது. அரசு அலுவலகத்தில், செய்தியில், சினிமாவில் திருநங்கை என்பது பெண்ணாக வாழ்பவரை மட்டும் குறிக்காமல், ஆண், பெண் என்ற இரண்டு கட்டத்தில் அடங்காத எல்லோருக்குமான பொதுப்பெயர்போல ஆயிற்று. பெண் என்று எழுதப்பட்டு ஆணாக வாழும் இளைஞர்கள் வாரியத்துக்குப் போனபோது அவர்களுக்கும் அந்தப் பெயரே எதிரே நின்றது. தாடி வைத்த ஒருவரை நங்கை என்பது அவரைப் பொறுத்தவரை பழைய காயம்தான். அங்கிருந்து ‘திருநம்பி’ பிறந்தது. நம்பி என்றால் குணம் நிறைந்த ஆண். திருக்குறுங்குடிப் பெருமாளுக்கே நம்பி என்றுதான் பெயர். நம்பி, நங்கை என்று தமிழில் ஏற்கனவே இருந்த இணையை எடுத்துப் பொருத்தியதால் சொல் தட்டாமல் ஓடியது. இருவரையும், இரண்டிலும் சேராதவரையும் சேர்த்துச் சொல்ல ‘திருநர்’ வந்தது. அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை. பலர்பாலைக் காட்டும் ‘அர்’ மட்டும் இருக்கிறது.

‘மூன்றாம் பாலினம்’ இவ்வளவு இதமாக ஏற்கப்படவில்லை. 2014 ஏப்ரல் 15ஆம் தேதி, தமிழக வாரியம் அமைந்து சரியாக ஆறு ஆண்டுகள் ஆனபோது, உச்ச நீதிமன்றம் தேசியச் சட்டப் பணிகள் ஆணையத்தின் ‘நால்சா’ வழக்கில் இவர்களை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்தது. நீதிபதிகள் கே.எஸ். ராதாகிருஷ்ணனும் ஏ.கே. சிக்ரியும் வழங்கிய அந்தத் தீர்ப்பு, அவரவர் பாலினத்தை அவரவரே தீர்மானிக்கலாம் என்றது. இந்தியாவில் இவர்கள் கண்ட மிகப் பெரிய வெற்றி அது. ஆனால் தமிழில் மூன்றாவது என்று சொன்னவுடன் ஒரு வரிசை வந்துவிடுகிறது. முதல் பாலினம் எது, இரண்டாவது எது, யார் எண்ணியது என்று கேட்டார்கள். 2011 மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் ‘மற்றவர்’ என்ற கட்டத்தில் தமிழ்நாட்டில் 22,364 பேர் பதிவானார்கள். மற்றவர் என்ற சொல்லுக்கும் மூன்றாவது என்ற சொல்லுக்கும் தூரம் அதிகமில்லை.

சட்டத்தில் ஒரு சொல் எதிர்த் திசையிலும் நகர்ந்திருக்கிறது. 2018இல் தூத்துக்குடியில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் திருமணம் செய்துகொண்டார்கள். பதிவாளர் பதிவுசெய்ய மறுத்தார். இந்துத் திருமணச் சட்டத்தில் ‘மணப்பெண்’ என்றால் பெண் என்று பொருள், திருநங்கை அதில் வரமாட்டார் என்பது வாதம். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. ஒரு சட்டச் சொல்லின் பொருள் உறைந்து நிற்க வேண்டியதில்லை, காலத்தோடு விரியலாம் என்று சொல்லி, திருநங்கையும் மணப்பெண்தான் என்று தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பில் அரவானும் கூவாகமும்கூட வந்தார்கள். அழிகளத்தில் விடிந்ததும் அறுக்கப்படும் தாலிக்குப் பதிலாக, இங்கே பதிவேட்டில் நிலைத்த கல்யாணம். வசையால் ஒரு சொல் சுருங்குவது போலவே, நீதியால் ஒரு சொல் அகலவும் முடியும் என்பதற்கு ‘மணப்பெண்’ சாட்சி.

எல்லாச் சொல்லுக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை. தெருவில் ‘ஒம்போது’ என்று கத்திய அதே பையன்கள் இப்போது அதே இழுவையோடு ‘திருநங்கை’ என்று கத்துகிறார்கள். திருவும் நங்கையும் சேர்ந்த ஒரு சொல்லை ஏளனமாகச் சொல்ல முடியும் என்று யாரும் நினைத்திருக்கமாட்டார்கள். 2015இல் ‘ஐ’ திரைப்படம் வெளியானபோது ஒரு திருநங்கைப் பாத்திரம் அருவருப்பாகக் காட்டப்பட்டதாகத் திருநங்கையர் சென்னையில் போராடினார்கள். பெயர் மாறியும் பார்வை மாறாத இடங்களில் புதுச் சொல் பழைய சொல்லின் அழுக்கை வாங்கிக்கொள்கிறது. பேடிக்கு நேர்ந்ததும் அதுதான், அலிக்கு நேர்ந்ததும் அதுதான்.

லிவிங் ஸ்மைல் வித்யா தன் கதையை 2007இல் ‘நான், சரவணன் வித்யா’ என்ற நூலாக எழுதினார். அதைக் கன்னடத்தில் படமாக எடுத்தபோது வைத்த பெயர் ‘நானு அவனல்ல... அவளு’. நான் அவன் அல்ல, அவள் என்று பொருள். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தின் தலைப்பு, தொல்காப்பியர் ‘வந்தான்’ என்று சொல்லாதே என்ற இடத்துக்கே திரும்பி வந்து நிற்கிறது. திருநங்கையர் கேட்டுக்கொண்டிருப்பதும் பெரும்பாலும் அந்த ஓர் ஈற்றைத்தான்.

தமிழகத்தில் 2021 முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்கு இலவசப் பயணம். அந்த ஆண்டே அது திருநங்கையருக்கும் நீட்டிக்கப்பட்டு, அவர்களுக்கென்று தனிச் சீட்டும் அச்சாயிற்று. எனவே கண்டக்டர் கையில் மகளிருக்கு ஒரு கட்டு, திருநங்கையருக்கு ஒரு கட்டு. ஏறும் பெண்ணை அவர் ஒரு நொடி பார்க்கிறார். இரண்டுக்கும் காசு கிடையாது, இரண்டிலும் அதே இடத்துக்குப் போகலாம். சில கண்டக்டர்கள் யோசிக்காமல் திருநங்கைச் சீட்டைக் கிழிக்கிறார்கள். சிலர் ‘எங்கம்மா போகணும்?’ என்று கேட்டுக்கொண்டே மகளிர் சீட்டைக் கிழித்துக் கொடுக்கிறார்கள். அவள் அதை வாங்கி, ஒருமுறை படித்துப் பார்த்து, பைக்குள் வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்கிறாள்.